தடைக்காலத்தில் வந்த விருந்து

ராமேஸ்வரத்தில் வாடகைக்கு வீடு எடுத்த பிறகுதான் எனக்கு எத்தனை சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. அதற்கு முன்பு பரமக்குடியில் ஓர் அறையில் இருந்தேன். அங்கே என் கதவைத் தட்டியவர்கள் தண்ணீர் கேன் போடுகிறவரும் வீட்டுக்காரரும் மட்டும்தான். கல்யாணமாகித் தீவுக்குக் குடிவந்ததும் நிலைமை மாறிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள்கூட, தீர்த்தமாட வருகிறோம், உங்கள் வீட்டில்தான் இறங்குகிறோம் என்று போன் போட ஆரம்பித்தார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐஸ் கம்பெனி ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது தடைக்காலத்தைப் பற்றி யாரும் எனக்கு விவரமாகச் சொல்லவில்லை. சித்திரையில் ஆரம்பித்து ஆனி பிறக்கிற வரைக்கும் விசைப்படகுகள் கடலுக்குள் போகக்கூடாது. மீன்கள் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் விடுகிற விடுமுறை அது. மீன்களுக்கு ஓய்வு உண்டு, மீனவர்களுக்கு நிவாரணம் உண்டு. நடுவில் ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளை என்று ஒரு ஜீவன் இருப்பது எந்த உத்தரவிலும் எழுதப்படவில்லை. படகு போகாவிட்டால் ஐஸ் வேண்டாம். ஐஸ் வேண்டாம் என்றால் எழுதக் கணக்கு இல்லை. முதலாளி நல்ல மனிதர். வேலையை விட்டு நிறுத்தாமல் பாதிச் சம்பளம் கொடுத்தார். அதற்குப் பதிலாக நான் தினமும் போய்க் கதவைத் திறந்து வைத்து ஈ ஓட்ட வேண்டும். மீன் வராததால் ஈயும் வருவதில்லை.

பாதிச் சம்பளத்தில் முழு மாதத்தை ஓட்டும் வித்தையை என் மனைவி தானாகவே கற்றுக்கொண்டாள். எங்களுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டாவது வருடம். அவளுக்குத் திருவாடானைப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். மழை பொய்த்த வருடங்களைப் பார்த்தவள் என்பதால், தடைக்காலம் வருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தாள். மீன் மலிந்து கிடந்த பங்குனியில் சீலாவும் நெத்திலியுமாக வாங்கி, உப்புப் போட்டு, மொட்டை மாடியில் காய வைத்து, ஒரு பெரிய பை நிறையக் கருவாடு சேர்த்து வைத்தாள். வேறு வீடுகளில் தங்க நகைச் சீட்டுப் போடுவார்கள். எங்கள் சேமிப்பு அந்தப் பைதான். அதோடு ரேஷன் அரிசி, ரேஷன் பருப்பு, பாமாயில், புளி. வைகாசியில், மே மாதக் கடைசி வாரம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. காய்கறிக் கடைப் பக்கம் நாங்கள் போவதில்லை. போனால் கடைக்காரர் வணக்கம் சொல்லுவார், பதிலுக்கு ஏதாவது வாங்க வேண்டியிருக்கும்.

என் பங்குக்கு நானும் ஒரு சிக்கனம் செய்தேன். தடைக்காலத்தில் கம்பெனியிலேயே மதியச் சாப்பாடு போடுகிறார்கள் என்று அவளிடம் சொல்லி, டிபன் பாக்ஸை நிறுத்திவிட்டேன். கம்பெனியில் யாரும் சாப்பாடு போடவில்லை. மதியம் கதவைச் சாத்திவிட்டுக் கோயில் அன்னதானத்துக்குப் போய்விடுவேன். டோக்கன் வாங்கி, பந்தியில் உட்கார்ந்து, சோறு, சாம்பார், ரசம், மோர் எல்லாம் சாப்பிட்டுவிட்டு, சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவேன். பக்தி என்று பார்த்தால் என் வாழ்நாளிலேயே அந்த மாதம்தான் உச்சம்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. எனக்கு அவர் பெரிய மாமா. அத்தையும் அவரும் தீர்த்தமாட வருகிறார்களாம். இதைக் கேட்டதும் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆனால் போனை வைத்த என் மனைவியின் முகத்தில் தீபாவளி தெரிந்தது. காரணம் இருந்தது. பெரிய மாமா ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறவர் இல்லை. போன தடவை வந்தபோது ஒரு மூட்டை அரிசி, பயறு, புளி, வீட்டுக் கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று ஆட்டோ நிறையக் கொண்டுவந்து இறக்கினார். அவர் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனார், நாங்கள் இரண்டு மாதம் சாப்பிட்டோம். அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் வருவது செலவே கிடையாது, வரவுதான். அவள் அரிசி டிரம்மைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பருப்பு டப்பாவை வெயிலில் காய வைத்தாள். நான் பேருந்து நிலையத்துக்கு நேரத்திலேயே போய்க் காத்திருந்தேன்.

பேருந்திலிருந்து முதலில் அத்தை இறங்கினார். பிறகு பெரிய மாமா. பிறகு படி வழியாக ஒரு பெரிய வெள்ளைச் சாக்கு மெதுவாக வெளியே தலைநீட்டியது. என் மனம் குளிர்ந்தது. மாப்பிள்ளை என்கிற மரியாதைக்கு நான்தான் தூக்க வேண்டும் என்று ஓடிப்போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து, முழு பலத்தோடு தூக்கினேன். சாக்கு என் தலைக்கு மேலே போய்விட்டது. நான் பின்பக்கமாக இரண்டு எட்டு வைத்து ஒரு தள்ளுவண்டியில் மோதி நின்றேன். உள்ளே பிளாஸ்டிக் கேன்கள் ஒன்றோடொன்று முட்டிக் கடகடவென்று சத்தம் போட்டன. எல்லாம் காலி. ஊரில் உள்ளவர்கள் எல்லோருக்கும் கோயில் கிணற்றின் கோடி தீர்த்தம் பிடித்துக்கொண்டு போக வேண்டுமாம்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். சாக்கைப் பார்த்துச் சிரித்தாள். நான் அதை ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. பெரிய மாமா நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பெருமையாகச் சொன்னார்.

"போன வாட்டி நீ சொன்னியேத்தா, எதுக்குப் பெரியப்பா இம்புட்டையும் செமந்துக்கிட்டு வாரீக, இங்கன எல்லாம் கெடைக்குதுன்னு. அதான் இந்த வாட்டி கைய வீசிக்கிட்டு வந்துட்டேன்."

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான். யார் எதைக் கொண்டுவந்தாலும் எதுக்கு இதெல்லாம் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அதை இதுவரை யாரும் நம்பியதில்லை. பெரிய மாமா நம்பிவிட்டார். என் மனைவி அடுப்படிக்குப் போய், கவிழ்த்து வைத்த டிரம்மைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். துக்க வீட்டில் நிற்பதுபோல் இருந்தது.

அதற்குள் அத்தை அடுத்த செய்தியைச் சொன்னார். தீர்த்தமாடி முடிக்கிற வரைக்கும் இருவருக்கும் விரதம், கவிச்சி ஆகாது. மீன் வாசம்கூட வீட்டில் இருக்கக்கூடாது. என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் சேமிப்பு முழுவதும் அடுப்படிப் பரணில் மணந்துகொண்டிருந்தது. பையை இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கீழே அவள் ஊதுபத்தியைக் கொத்தாகக் கொளுத்தி வைத்தாள். வாசம் போகவில்லை. கருவாட்டுக் கடைக்குப் பூமி பூஜை போட்டதுபோல ஒரு புது மணம் வீடு முழுக்கப் பரவியது. பெரிய மாமா இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார்.

கருவாடு இல்லையென்றால் காய் வேண்டும். என் சட்டைப்பையில் இருந்ததைத் துழாவி எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் போனேன். அன்றைக்கு எடைக்கு எடை மலிவாகக் கிடைத்தது சுரைக்காய்தான். பிறந்த குழந்தை அளவுக்கு ஒன்றை வாங்கி, குழந்தையைத் தூக்குவது போலவே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தேன். என் மனைவி அதில் பாதியை வெட்டி, சதையைச் சாம்பாரில் போட்டாள். தோலை வதக்கித் துவையல் அரைத்தாள். விதையைக்கூட வறுத்து வைத்தாள். பருப்பு குறைவாக இருந்ததால் சாம்பார் கொஞ்சம் தெளிவாகவே இருந்தது. பாத்திரத்தின் அடியில் கம்பெனிக்காரன் பொறித்திருந்த பெயரைப் படிக்க முடிந்தது.

அத்தை, வீணாக்காத பெண் என்று என் மனைவியைப் பாராட்டினார். பெரிய மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தங்கள் ஊரில் சுரைக்காயை மாட்டுக்குப் போட்டால் அதுகூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று பொதுவாகச் சொன்னார். பிறகு மரியாதைக்காக முழுவதையும் சாப்பிட்டார். ஒரு மனிதர் இவ்வளவு மரியாதையோடு மெல்லுவதை நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடியும் முன்பே மூவரும் கிளம்பினோம். கடலில் முங்கி, கோயிலுக்குள் ஒவ்வொரு தீர்த்தக் கிணறாக நனைந்து, ஈரம் மாற்றி, வரிசையில் நின்று சாமி பார்த்து முடிக்க நண்பகல் நெருங்கிவிட்டது. பெரிய மாமாவின் பேச்சு மெல்ல மெல்லச் சாமியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது என் போன் அடித்தது. என் மனைவிதான். யாரோ இறந்துபோனதைச் சொல்வது போன்ற குரலில் பேசினாள்.

"கேஸ் போயிருச்சுங்க. அரிசி பாதி வெந்து நிக்கிது. அவுகள இப்ப கூட்டிட்டு வந்துறாதீக."

பக்கத்து வீட்டில் கடன் கேட்கலாம் என்றால் அவர்கள் விடுமுறைக்கு அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டலில் மூன்று பேருக்குச் சாப்பாடு வாங்கித் தர என் பையில் வழியில்லை. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எனக்கு நன்றாகப் பழகிய அந்த அன்னதான வரிசை தெரிந்தது.

சாப்பிடப் போகலாம் என்றதும் பெரிய மாமா தயங்கினார். நாம் அன்னதானம் போடுகிற ஆட்கள், தின்கிற ஆட்கள் இல்லை என்றார். தீர்த்தமாடியவர்கள் கோயில் சோற்றை உண்டால்தான் பலன் முழுமையாகும், அது இந்தத் தலத்து ஐதீகம் என்று நான் சொன்னேன். அந்த ஐதீகம் அந்த நிமிடம்தான் பிறந்தது. அத்தை உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றார். பிறகு மாமாவும் வந்தார்.

பந்தியில் உட்கார்ந்தோம். இலை போட்டாயிற்று. அப்பளக் கூடையோடு வந்தவர் தினமும் எனக்குப் பரிமாறுகிற ஆள். கொஞ்சம் பருமனான, எப்போதும் சிரிக்கிற மனிதர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே. நேத்து ஆளயே காணோம்? இன்னைக்கு வீட்டு ஆளுகளோட வந்தீகளா?"

சொல்லிவிட்டு, வழக்கம்போல எனக்கு இரண்டு அப்பளம் வைத்தார். மற்றவர்களுக்கு ஒன்று. பெரிய மாமா என் இலையைப் பார்த்தார், அவருடைய இலையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு இங்கே நல்ல பழக்கம்போல என்றார்.

என் நாக்கு தானாகவே புரண்டது. நான் அவ்வப்போது இங்கே வந்து சேவை செய்வதுண்டு, பந்தி பரிமாறுவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பெரிய மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று அத்தையிடம் சொன்னார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"எந்திரிங்க மாப்ள. இன்னைக்கும் பரிமாறுங்க. நான் கண்ணால பாக்கணும்."

நான் எழுந்தேன். என் இலையில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அப்பளக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. உள்ளே போய், ஒரு சாம்பார் வாளியையும் கரண்டியையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வாளி கனத்தது. காலையிலிருந்து ஒரு டீ மட்டும் குடித்த உடம்போடு நான் அந்த மண்டபம் முழுக்கச் சாம்பார் ஊற்றினேன். முதல் நாலைந்து பேருக்கு இலைக்கு வெளியே ஊற்றினேன். ஒரு அம்மாள் புடவையை நகர்த்திக்கொண்டார். ஒவ்வொரு தடவை பெரிய மாமாவைக் கடக்கும்போதும் அவர் கைகூப்பினார். இரண்டாவது சுற்று வந்தபோது என் இலையை யாரோ எடுத்துப் போட்டுத் துடைத்துவிட்டிருந்தார்கள். சாப்பிடாத இரண்டு அப்பளமும் அதோடு போயிற்று.

பந்தி முடிந்ததும் அப்பளக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அடுத்த பந்தியில் தூணுக்குப் பின்னால் இடம் போட்டு வைக்கிறேன், அவர்களைத் தீர்த்தம் பிடிக்க அனுப்பிவிட்டு வாருங்கள் என்று காதில் சொன்னார். அப்படியே செய்தேன். அன்றைக்கு எனக்கு மூன்று அப்பளம் கிடைத்தது. ஏன், எதற்கு என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது அன்னதான உண்டியல் முன்னால் பெரிய மாமா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சேவை செய்கிற இடம், அவர் பெயரிலேயே போடுகிறேன் என்று இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். அதிலிருந்து வந்த நோட்டுகளை நான் மனதுக்குள் எண்ணிவிட்டேன். அது எங்கள் கேஸ், எங்கள் பருப்பு, எங்கள் எண்ணெய், சம்பளம் வரும் ஏழாம் தேதி வரைக்குமான எங்கள் உயிர். அவர் அதை நீளமாக மடித்து, என் கையைத் தொட்டு, என் விரல்களாலேயே உண்டியலுக்குள் தள்ள வைத்தார். நோட்டு உள்ளே விழுகிற சத்தம் கேட்காது என்பார்கள். எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பெரிய மாமா என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர் தினமும் கோயிலில் பந்தி பரிமாறுகிறாராமே, இத்தனை நாள் சொல்லவே இல்லையே என்றார். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத ஆள் நான் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒரு விநாடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆமாம் பெரியப்பா, அவுக அப்படித்தான், வெளிய சொல்லிக்க மாட்டாக என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு தண்ணீர் எடுக்கிற சாக்கில் என்னை அடுப்படிக்குள் அழைத்துப் போனாள். அழுவாளோ என்று பயந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டது வேறு.

"அங்கன பாயசம் போடுவாகளா?"

விசேஷ நாட்களில் போடுவார்கள் என்றேன். எத்தனை தடவை குடித்தேன் என்று கேட்டாள். இரண்டு தடவை என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் இங்கே புளித் தண்ணீரில் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டு, பாவம், கம்பெனியில் என்ன வாயில் வைக்க முடியாததைப் போடுகிறார்களோ என்று தினமும் உங்களை நினைத்துக் கவலைப்பட்டேன் என்றாள். பொய் சொன்னதற்கு அவள் கோபப்படவே இல்லை. பாயசத்துக்கு மட்டும் பல நாள் கோபமாக இருந்தாள்.

சாயங்காலம் கடல் காற்று எடுத்தது. பெரிய மாமா பாயைச் சுருட்டிக்கொண்டு, ஊரில் வெயில் கொளுத்துகிறது, இந்தக் காற்றை விடக்கூடாது என்று சொல்லி மாடிக்கு ஏறினார். அவர் ஏறிப் போன பிறகுதான் எங்கள் இருவருக்கும் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. நான் படியில் பாதி ஏறுவதற்குள் அவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் அந்தப் பை. கவர் இரண்டும் பிரிக்கப்பட்டிருந்தன.

கூடத்தின் நடுவில் பையை வைத்துவிட்டு, இதை யார் அங்கே வைத்தது என்று கேட்டார். என் மனைவி சுவரோடு சுவராக நின்றாள். விரத வீட்டில் கவிச்சியை வைத்த குற்றத்துக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் தரையைப் பார்த்தேன். பெரிய மாமா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். பைக்குள் கையை விட்டு ஒரு சீலாக் கருவாட்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, பேரப்பிள்ளையை முகர்வது போல முகர்ந்தார்.

"வெரதம் முடிஞ்சிருச்சுல்ல?" என்று அத்தையைக் கேட்டார்.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. அவருக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து அத்தை வீட்டுக்குள் கருவாட்டை விடுவதே இல்லை. தீர்த்தமாட வேண்டும் என்பது அத்தையின் ஆசை. ராமேஸ்வரம் என்றதும் அவர் உடனே சரி சொன்னதற்குக் காரணம், கடற்கரையில் இருக்கிற மகள் வீட்டில் எப்படியும் கருவாட்டுக் குழம்பு கிடைக்கும் என்பது. வந்த அன்றே வாசம் பிடித்துவிட்டார். ராத்திரி சுரைக்காய்ச் சாம்பாரைப் பார்த்ததும் மறுநாளே ஊருக்குப் போய்விடலாமா என்று நினைத்தாராம்.

அத்தை கொதிப்பைப் பற்றி ஆரம்பித்தார். பேசிக்கொண்டே பைக்குள் எட்டிப் பார்த்தார். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. நல்ல வெயிலில் காய்ந்திருக்கிறதே என்றார். பிறகு, தண்ணீரில் நாலு தடவை அலசினால் உப்பு போய்விடும் என்று டாக்டருக்குத் தெரியாத ஒரு வைத்தியத்தையும் அவரே சொன்னார்.

கேஸ் தீர்ந்துவிட்டதை என் மனைவி அப்போதுதான் சொன்னாள். அத்தை அதைக் காதிலேயே வாங்கவில்லை. கேஸ் அடுப்பில் கருவாட்டுக் குழம்பு எப்படி ருசிக்கும் என்று கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். மூன்று செங்கல்லை வைத்தார். காய்ந்த பனை மட்டையையும் தென்னம் பாளையையும் பொறுக்கிவரச் சொல்லி என்னை விரட்டினார். மிச்சமிருந்த பாதிச் சுரைக்காயைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட்டு, புளி கரைத்து ஊற்றி, மிளகாய்த் தூளைக் கண் அளவில் தட்டினார். குழம்பு கொதித்து மணம் எழும்பியபோது தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அரைவேக்காட்டில் நின்ற அரிசியும் அதே அடுப்பில் கொஞ்சம் குழைந்து சோறாயிற்று.

பெரிய மாமா மூன்று தடவை சோறு வாங்கினார். மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சுரைக்காயைத் தேடித் தேடி எடுத்துத் தின்றார். கருவாட்டுச் சாறு இறங்கினால் அது வேறு காய் என்று விளக்கமும் கொடுத்தார். வேர்த்து வழிய, நிமிர்ந்து உட்கார்ந்து, சிவனே என்று ஒரு பெருமூச்சு விட்டார். அன்றைக்குக் கோயிலில்கூட அவர் அவ்வளவு உருக்கமாகச் சாமி பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் கிளம்புவதாக இருந்தவர்கள் கிளம்பவில்லை. காற்று நன்றாக இருக்கிறதாம். நெத்திலியை வறுத்தார்கள். சீலாவைத் தொக்கு வைத்தார்கள். பழைய சோற்றுக்குச் சுட்டுத் தின்றார்கள். நாங்களும் கூடவே உட்கார்ந்து தின்றோம், வேறு என்ன செய்வது. ஏழாம் தேதி வரைக்கும் வர வேண்டிய பை கண்ணெதிரே இளைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் அடியில் கொஞ்சம் தூளும் நாலு முள்ளும் மிஞ்சின. என் மனைவி அதையும் துவையலாக அரைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கொல்லைப்பக்கம் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். கம்பெனிக்கு ஏன் நான் இவ்வளவு சாவகாசமாகப் போய்விட்டு வருகிறேன் என்று பெரிய மாமா கேட்டார். தடைக்காலத்தைப் பற்றியும் பாதிச் சம்பளத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் அடுப்புக்கல்லைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த டிரம்மைப் பார்த்தார். எங்களுக்கு மழை மாதிரி உங்களுக்குப் படகு என்றார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார்.

"போன வாட்டி நீ எதுக்கு இதெல்லாம்னு சொன்னதும் எனக்குச் சுருக்குன்னு போயிருச்சுத்தா. டவுனுக்கு வாக்கப்பட்ட புள்ள, நம்ம வயக்காட்டு அரிசி இனிமே தொண்டையில எறங்காது போலன்னு நெனச்சேன்."

அத்தையும் அதைச் சொன்னார். வீட்டில் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கொண்டுபோவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, பிறகு அவிழ்த்துக் குதிருக்குள் கொட்டினாராம். என் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, தெளிவாகச் சொன்னாள்.

"அரிசி வேணும் பெரியப்பா. பருப்பும் வேணும். புளி தீந்துபோச்சு."

என் வாய் பழக்கதோஷத்தில், அதெல்லாம் எதுக்கு மாமா என்று ஆரம்பித்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் மீதி வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றுவிட்டன. பெரிய மாமா அதைக் கவனிக்கவில்லை. வந்ததிலிருந்து பார்க்காத ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. உளுந்தும் போடவா, எள்ளு எவ்வளவு வேண்டும், கருப்பட்டி தின்பீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காலையில் தீர்த்தக் கேன்களை எல்லாம் பேருந்தில் ஏற்றிவிட்டேன். நிறைந்த கேன்களோடு அந்தச் சாக்கு இப்போது அசைக்க முடியாத கனமாக இருந்தது. கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

அவர்கள் போன பிறகு சம்பளத்துக்கு இன்னும் சில நாட்கள் மிச்சம் இருந்தன. கருவாடு இல்லை, கேஸ் இல்லை. செங்கல் அடுப்பில் ராத்திரிக்கு மட்டும் ரசம் வைத்தோம். மதியம் இருவரும் சேர்ந்தே கோயிலுக்குப் போனோம். அப்பளக்காரர் என் மனைவிக்கும் இரண்டு வைத்தார். அவள் அங்கே வர ஆரம்பித்த இரண்டாவது நாளே பாயசம் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் என்னோடு சரியாகப் பேச ஆரம்பித்தாள்.

ஏழாம் தேதி பாதிச் சம்பளம் வந்தது. கேஸ் வாங்கினோம். அதற்கு மறுநாள் காலை, திருவாடானைப் பக்கமிருந்து தீர்த்தமாட வந்த ஒரு வேன் எங்கள் வாசலில் நின்றது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு மூட்டையை இறக்கினார்கள். பிறகு இன்னொன்று. பிறகு புளிப் பானை ஒன்று. இவ்வளவும் சம்பளத்துக்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. வேனிலிருந்து எட்டிப் பார்த்த தலைகளை நான் பயத்தோடு எண்ண ஆரம்பித்தேன். அவர்கள் ஒரு குடம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

ஆனி பிறந்து படகுகள் கடலுக்குப் போயின. கம்பெனியில் இயந்திரம் ஓட ஆரம்பித்தது, ஐஸ் பாளம் விழுந்தது, ஈயும் திரும்பி வந்தது. முதல் முழுச் சம்பளம் கிடைத்த அன்று நாங்கள் சமைக்கவில்லை. பஜாரில் ஓர் ஓட்டலுக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம். நான் மூன்று சாப்பிட்டேன். அவள் நான்கு.